ஃப்ளாட் பிளேட், டியூபுலர், எஸ்எம்எஃப்: வீட்டு இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி கடைசில கட்டுப்படியாகும்?

கடைல போய் "இன்வெர்ட்டருக்கு ஒரு பேட்டரி வேணும்"னு கேட்டா போதும், வரிசையா நாலஞ்சு காட்டுவாங்க, ஒண்ணு எட்டாயிரத்து சொச்சம், ஒண்ணு பன்னெண்டு, ஒண்ணு பதினஞ்சு பதினாறு, ஓரமா பளபளன்னு மூடிக்கூட இல்லாம ஒண்ணு இருக்கும் அது சின்னதா இருந்தாலும் விலை பெருசா இருக்கும். எல்லாத்துக்குள்ளயும் இருக்கிறது ஈயமும் ஆசிட்டும் தான், 1859-ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டே பண்ணிக் காட்டுன அதே சங்கதி. செல்லுக்கு 2 வோல்ட், ஆறு செல் சேர்ந்து 12 வோல்ட். அப்புறம் எங்கேர்ந்து வருது இந்த டபுள் விலை, அந்த காசு உழைக்குதா இல்லையா, இதான் கேள்வி.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். எந்த டைப் நல்லதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்ல பேட்டரி எப்படி சாகுதுன்னு பாருங்க. ஒவ்வொரு டைப்பும் ஒவ்வொரு விதமா சாகும், உங்க வீட்டு நிலைமைக்கு எந்த சாவு வராதோ அந்த டைப் தான் மலிவு. விலை பட்டியலை மட்டும் பார்த்து வாங்கினா பெரிய பேட்டரி வாங்கினவரு தான் அதிகமா நஷ்டப்படுவாரு, எப்படின்னு கீழ கணக்கு போட்டே காட்டறேன்.

முதல்ல ஃப்ளாட் பிளேட். ஈயத்துல வலை மாதிரி ஒரு கிரிட், அதுல ஈய ஆக்சைடு பேஸ்ட்டை அப்பி காயவச்சா பிளேட் ரெடி. கார், லாரி பேட்டரியும் இதே குடும்பம் தான், ஆனா அதுல பிளேட் ரொம்ப மெல்லிசு, எண்ணிக்கை ஜாஸ்தி, ஏன்னா வண்டி ஸ்டார்ட் ஆகற அந்த ரெண்டு மூணு செகண்டுக்கு நூத்துக்கணக்குல ஆம்பியர் தள்ளணும், அப்புறம் ஆல்டர்நேட்டர் உடனே நிரப்பிடும். அந்த பேட்டரியை கொண்டாந்து இன்வெர்ட்டர்ல மாட்டி தினமும் அடி வரைக்கும் காலி பண்ணினா சில மாசத்துலயே உக்காந்துடும். திருவிழாவுக்கு மைக் செட் போடறவங்க லாரி பேட்டரியை வச்சு ஓட்டறதைப் பார்த்துட்டு "அதுவும் பேட்டரி தானே, செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்குது"ன்னு வீட்டுக்கு மாட்டறவங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். இன்வெர்ட்டருக்குன்னு வர்ற ஃப்ளாட் பிளேட் கொஞ்சம் தடிமனா இருக்கும், அதனால கார் பேட்டரிய விட தாங்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவை காலியாகி நிரம்பும்போதும் அந்த பேஸ்ட் ஊதி சுருங்கி கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து அடில சேரும். ஆழமா டிஸ்சார்ஜ் பண்ணினா நானூறு ஐநூறு தடவை வரைக்கும் வந்தாலே நல்ல பேட்டரின்னு சொல்லலாம்.

இந்த உதிர்ற பிரச்சனைக்குன்னே வந்தது தான் டியூபுலர். பாசிட்டிவ் பிளேட்டை தட்டையா பண்ணாம, வரிசையா ஈயக் குச்சி நிக்கவச்சு ஒவ்வொரு குச்சிக்கும் பாலியெஸ்டர் துணில குழாய் மாதிரி உறை போட்டு, புட்டுக்குழல்ல மாவை அடைக்கிற மாதிரி அந்த உறைக்குள்ள ஆக்சைடை அடைச்சுடுவாங்க. உள்ள இருக்கறது எங்க உதிரும்? ஆசிட் மட்டும் துணி வழியா போய் வரும். நெகட்டிவ் பிளேட் இதுலயும் ஃப்ளாட் தான். கம்பெனிங்க 80 சதவீதம் காலி பண்ணினா 1,200-லேர்ந்து 1,500 தடவை வரைக்கும்னு போடுவாங்க, பாதி மட்டும் காலி பண்ணினா அதுக்கு கிட்டத்தட்ட டபுள். அது லேப்ல நல்ல டெம்பரேச்சர்ல எடுத்த கணக்கு, வீட்ல அவ்ளோ வராது, ஆனா ஃப்ளாட் பிளேட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல வர்றது உண்மை.

டியூபுலர்லயே ஷார்ட், டால்னு ரெண்டு. ஸ்டிக்கர்ல ரெண்டும் 150 ஏஎச் தான் (ஏஎச்னா ஆம்பியர் ஹவர், எவ்ளோ கரண்ட் எவ்ளோ நேரம் குடுக்கும்ங்கற கொள்ளளவு) இருக்கும், ஆனா டால் பேட்டரி 40 சென்டிமீட்டருக்கு மேல உயரம், உள்ள பிளேட்டுக்கு மேலயும் சுத்தியும் ஆசிட் நிறைய நிக்கும். ஆசிட் ஜாஸ்தின்னா ரெண்டு லாபம்: சூடு சீக்கிரம் ஏறாது, தண்ணி அடிக்கடி ஊத்த வேணாம். ஷார்ட்ல ஃப்ளாட் பிளேட் சைஸ் டப்பாலயே டியூபுலர் பிளேட்டை அடக்கியிருப்பாங்க, இன்வெர்ட்டர் ட்ராலி பழசா இருந்து டால் உள்ள நுழையாதுன்னா மட்டும் தான் நான் ஷார்ட் பக்கம் போவேன். நடுவுல நிக்கற சமாச்சாரம் அது, ரெண்டு பக்க நல்லதும் பாதி பாதி தான் கிடைக்கும்.

அப்புறம் அந்த மூடியில்லாத பேட்டரி. எஸ்எம்எஃப், விஆர்எல்ஏ, ஏஜிஎம் இப்படி பல பேர்ல சொல்லுவாங்க, வீட்டு சைஸ்ல கிடைக்கிறது பெரும்பாலும் ஏஜிஎம் தான், அதாவது ஆசிட் தளும்பாம கண்ணாடி இழை பஞ்சுல ஊறிக் கிடக்கும். தண்ணி ஊத்த வேணாம், ஊத்தவும் வழியில்ல. உள்ள உண்டாகற வாயு திரும்ப தண்ணியா மாறிடும், அழுத்தம் ஜாஸ்தியானா மட்டும் வால்வு திறக்கும். ஜெல்லுன்னு வர்றதுல ஆசிட்டை சிலிகா போட்டு கூழாக்கி வச்சிருப்பாங்க. டியூபுலர் பிளேட்டும் ஜெல்லும் சேர்ந்த பேட்டரி நல்லா உழைக்கும், ஆனா விலை அதிகம், டெலிகாம் டவர், பெரிய சோலார் மாதிரி இடத்துக்கு தான் சரி. வீட்டுக்கு அதைப் பத்தி யோசிக்கவே வேணாம்.

இப்ப காசுக் கணக்கு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஈய பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, வரியில்லாம 12,500 ரூபா பேட்டரி முன்ன 16,000, இப்ப 14,750. அதனால பழைய வீடியோல, பழைய பில்லுல இருக்கற விலையை வச்சு பேரம் பேசாதீங்க. நான் கீழ போடறது எல்லாம் குத்துமதிப்பான விலை, ஊருக்கு ஊர் கடைக்கு கடை ஆயிரம் ஐநூறு மாறும், உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே திரும்ப போட்டுப் பாருங்க.

ஃப்ளாட் பிளேட் 120-135 ஏஎச் ஒரு 8,500-னு வச்சுக்குவோம், சாகும்போது பழைய பேட்டரிக்கு 2,000 கிடைக்கும்னா நிகர செலவு 6,500. ரெண்டரை மூணு வருஷம் ஓடினா வருஷத்துக்கு 2,200-லேர்ந்து 2,600. ஷார்ட் டியூபுலர் 150 ஏஎச் 12,500, பழசுக்கு 3,000, நிகரம் 9,500, நாலஞ்சு வருஷம், அப்ப வருஷத்துக்கு 1,900-லேர்ந்து 2,400. டால் டியூபுலர் 150 ஏஎச் 15,500, பழசுக்கு 4,000, நிகரம் 11,500, ஆறேழு வருஷம் ஓட்டினா வருஷத்துக்கு 1,650-லேர்ந்து 1,900. எஸ்எம்எஃப் 100 ஏஎச் 11,000, பழசுக்கு 2,000, நிகரம் 9,000, மூணு நாலு வருஷம், வருஷத்துக்கு 2,250-லேர்ந்து 3,000, அதுவும் மத்ததை விட கம்மி பேக்கப்புக்கு.

பாத்தீங்கன்னா டால் டியூபுலர் தான் ஜெயிச்ச மாதிரி தெரியும். கடைக்காரர் இங்க நிறுத்திடுவாரு. ஆனா அந்த "ஆறேழு வருஷம்" யாரு குடுத்தது? தண்ணி பார்க்காம விட்டு அதே டால் மூணு வருஷத்துல செத்துதுன்னா 11,500-ஐ மூணால வகுங்க, வருஷத்துக்கு 3,800 ரூபா. எல்லாத்தை விடவும் அதான் காஸ்ட்லி. வாரண்டி இருக்கேன்னு நினைக்காதீங்க, தண்ணி காஞ்சு பிளேட் வெளிய தெரிஞ்சா வாரண்டி கிடையாதுன்னு அந்த கார்டுலயே பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. ஆக டைப்புக்கு டைப் வித்தியாசம் வருஷத்துக்கு சில நூறு ரூபா தான், பராமரிப்புல வர்ற வித்தியாசம் ஆயிரக்கணக்குல. அதனால தான் எப்படி சாகுதுன்னு பாருங்கன்னு சொன்னேன்.

ஒண்ணாவது சாவு தண்ணி வத்தி. சார்ஜ் ஏறும்போது தண்ணி கொஞ்சம் ஹைட்ரஜன் ஆக்சிஜனா பிரிஞ்சு போய்டும், ஆசிட் போகாது, அதனால நிரப்ப வேண்டியது தண்ணி மட்டும் தான், எவ்ளோ பழைய பேட்டரியா இருந்தாலும் ஆசிட் ஊத்தாதீங்க. ஃப்ளாட் பிளேட்டுக்கு மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, டால் டியூபுலருக்கு மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும், மூடில இருக்கற மிதவை குச்சி கீழ இறங்கினா ஊத்தணும். பேட்டரி தண்ணி ஒரு லிட்டர் இருபது முப்பது ரூபா, வருஷத்துக்கு மொத்தமே நூறு நூத்தம்பது தான் ஆகும், அதுக்கும் கணக்கு பார்த்து ஆர்ஓ தண்ணி ஊத்தறாங்க. ஆர்ஓ தண்ணில உப்பு குறைஞ்சிருக்கும், இல்லாம போயிருக்காது, குடிக்க ருசியா இருக்கணும்னு கொஞ்சம் விட்டு தான் வைப்பாங்க. குளோரைடும் இரும்பும் பேட்டரிக்குள்ள போனா பிளேட்டை அரிக்கும், தானா சார்ஜ் இறங்கும். ஏசிலேர்ந்து சொட்டற தண்ணி சுத்தமானது தானேன்னு கேப்பாங்க, ஆவி குளிர்ந்த தண்ணி தான், ஆனா அது செம்பு குழாய் அலுமினிய தகடு மேல வழிஞ்சு தூசியோட வருது. முப்பது ரூபாய்க்காக அந்த ஆராய்ச்சி தேவையா. இன்னொண்ணு, சார்ஜ் முழுசா ஏறினப்புறம் ஊத்துங்க, காலியா இருக்கறப்ப ஃபுல்லா ஊத்தினா சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து ஆசிட் வெளிய வழியும், டெர்மினல்ல பச்சையா வெள்ளையா உப்பு பூக்கறதுக்கு பாதி காரணம் அது தான்.

வீட்ல வயசானவங்க மட்டும் இருக்காங்க, பேட்டரி பரண் மேல இருக்கு, ஏறி பார்க்க ஆளில்லன்னா இந்த சாவு நிச்சயம். அவங்களுக்கு எஸ்எம்எஃப் வாங்கலாமேன்னு தோணும், அங்க தான் ரெண்டாவது சாவு காத்துட்டு இருக்கு.

அது சூடு. ஈய பேட்டரிக்கு பொதுவான கணக்கு ஒண்ணு இருக்கு, சொன்ன டெம்பரேச்சருக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும்னு. எஸ்எம்எஃப் டேட்டா ஷீட்ல அஞ்சு வருஷம்னு போட்டிருந்தா அது 25 டிகிரில, நம்மூர் ஷீட்னா 27 டிகிரில. வேலூர்லயோ மதுரைலயோ சித்திரை மாசம் மாடி ரூம்ல மதியம் எவ்ளோ இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தண்ணி பேட்டரில சூட்டால வத்தினத நீங்க திரும்ப ஊத்தலாம், ஏஜிஎம்ல பஞ்சுல இருக்கற கொஞ்சம் ஆசிட் காஞ்சா காஞ்சது தான், முடிஞ்சுது. சார்ஜிங் வோல்டேஜும் ஜாஸ்தியா இருந்துட்டா சூடாகி இன்னும் கரண்ட் இழுத்து அதனால இன்னும் சூடாகி கடைசில டப்பா ஊதிப்போய் நிக்கும். பேங்க், ஆஸ்பத்திரி, ஆபீஸ் யூபிஎஸ்ல எல்லாம் எஸ்எம்எஃப் வரிசையா அடுக்கி வச்சிருக்காங்களே அங்க மட்டும் எப்படி ஓடுதுன்னா, அந்த ரூம் ஏசி ரூம். அங்க கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் எடுக்கற வரைக்கும் சில நிமிஷம் தாங்கினா போதும், ஆழமா காலியாகவே ஆகாது. அதுக்கு தான் எஸ்எம்எஃப் சரி. ஃப்ளாட்ல பால்கனி இல்ல, ஹால்லயே வைக்கணும், சின்ன குழந்தை இருக்கு, ஆசிட் வாடை ஆகாது, அப்படின்னா கூட குடுக்கற காசு நியாயம். வெயில் அடிக்கற மொட்டை மாடி ஷீட் ரூமுக்கு எஸ்எம்எஃப் வாங்காதீங்க.

மூணாவது சாவு பத்தி கடைல யாரும் பேசமாட்டாங்க, ஆனா கடலோர மாவட்டத்துக்காரங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். ஈய பேட்டரி காலியானதால சாகறதில்ல, காலியாவே கிடந்து தான் சாகுது. டிஸ்சார்ஜ் ஆகும்போது பிளேட்டுல ஈய சல்ஃபேட் படியும், உடனே சார்ஜ் போட்டா கரைஞ்சுடும், நாள்கணக்கா விட்டா அது பெரிய பெரிய படிகமா இறுகிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் முழுசா கரையாது. 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறினப்புறம் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைல பல கிராமத்துக்கு வாரக்கணக்கா கரண்ட் இல்ல. முதல் ராத்திரியே பேட்டரி கட் ஆஃப் ஆகியிருக்கும், அப்புறம் அப்படியே கிடக்கும். இன்வெர்ட்டர் சுமார் 10.5 வோல்ட்ல நிறுத்தினாலும் ஸ்விட்ச் ஆன்லயே இருந்தா அது தனக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டே தான் இருக்கும். இந்த மாதிரி நேரத்துல டால் டியூபுலரா ஃப்ளாட் பிளேட்டாங்கறது பெரிய விஷயமில்ல, ரெண்டும் அடி வாங்கும். பண்ண வேண்டியது என்னன்னா பேட்டரி பாதிக்கு கீழ போறதுக்கு முன்னாடியே ஃபேனை நிறுத்திட்டு லைட்டு போன் சார்ஜுக்கு மட்டும் வச்சுக்கணும், கட் ஆஃப் ஆனா பேட்டரி ஒயரையே கழட்டிடணும், டேங்க்ல தண்ணி ஏத்த ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தா மோட்டார் ஓடற அந்த நேரத்துல இன்வெர்ட்டர் ப்ளக்கையும் சொருகி விடணும். முழுசா ஏறாது, ஆனா ஒண்ணுமில்லாததுக்கு எவ்ளவோ மேல்.

இதே சாவு தான் வயல்ல மருந்தடிக்கற பேட்டரி ஸ்ப்ரேயருக்கும். அதுல 12 வோல்ட் 8 ஏஎச் சின்ன எஸ்எம்எஃப் இருக்கும், சீசன் முடிஞ்சதும் காலி பேட்டரியோட கொட்டாய்ல தொங்க விட்டுட்டு அடுத்த போகத்துக்கு எடுத்தா ஓடாது, உடனே "பேட்டரி டூப்ளிகேட்"னு சொல்லிடறோம். ஃபுல் சார்ஜ்ல வச்சு மாசத்துக்கு ஒருக்கா நாலு மணி நேரம் சார்ஜ் போட்டா அடுத்த வருஷமும் ஓடும்.

நாலாவது சாவு நேர் எதிர். 2012 வாக்குல சென்னைக்கு வெளில பன்னெண்டு மணி நேரம் பதினாலு மணி நேரம்னு கரண்ட் கட் இருந்துச்சு, அப்ப தான் தெருவுக்கு தெரு இன்வெர்ட்டர் வந்தது. அப்ப டியூபுலர் வாங்கினவங்க புத்திசாலி, தினமும் ஆழமா காலியாச்சு, ஃப்ளாட் பிளேட் ஒரு வருஷத்துல மடங்குச்சு. இப்ப நிலைமை அப்படியில்ல, பல ஊர்ல மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்கோ சாயங்காலமோ குடுப்பாங்க, நடுவுல மழை காத்துக்கு அரை மணி ஒரு மணி. இப்படி வருஷத்துக்கு இருபது முப்பது தடவை தான் பேட்டரிக்கு வேலைன்னா 1,500 தடவைங்கற பெருமை எதுக்கு? அவ்ளோ தடவை வர்றதுக்குள்ள கிரிட்டே அரிச்சு போயிடும், ஏன்னா எப்பவும் 13.6 வோல்ட் பக்கம் ஃப்ளோட்ல, அதாவது நிரம்பினப்புறமும் லேசா சார்ஜ் போய்ட்டே இருக்கற நிலைல, நின்னுட்டே இருக்கற பேட்டரி சும்மா இருந்தே வயசாகும். கூடவே கனமான ஆசிட் அடில தங்கிடும், மேல தண்ணி மாதிரி இருக்கும், பிளேட்டோட கீழ்ப்பாதி மட்டும் கெடும், உயரமான பேட்டரில இது இன்னும் ஜாஸ்தி. மாசத்துக்கு ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு மணி நேரம் இன்வெர்ட்டர்லயே ஓட்டிட்டு திரும்ப சார்ஜ் போடுங்கன்னு சொல்றது இதுக்காகத்தான், சார்ஜ் முடியற நேரத்துல வர்ற குமிழி ஆசிட்டை கலக்கி விடும்.

அதனால கரண்ட் அபூர்வமா போற ஊர்ல ஃப்ளாட் பிளேட்டை நான் இளக்காரமா பார்க்கமாட்டேன். அங்க அதுவே நாலு வருஷம் ஓடலாம், ஓடினா 6,500-ஐ நாலால வகுத்தா 1,600 சொச்சம், டால் டியூபுலருக்கு சமம், கைக்காசும் ஏழாயிரம் மிச்சம். தினமும் ரெண்டு மணி நேரம் போற கிராமம், கடை, தறி ஓடற வீடு, சோலார் பேனலோட சேர்த்து ராத்திரி பூரா ஓட்டறவங்க, இவங்களுக்கு டால் டியூபுலர் தவிர வேற பேச்சே கிடையாது. வாடகை வீட்ல இருக்கீங்க ரெண்டு வருஷத்துல மாறுவீங்கன்னா அம்பத்தஞ்சு கிலோவை மாடி மாடியா தூக்கறதையும் யோசிச்சுக்குங்க.

சோலார்னு சொன்னதும் ஸ்டிக்கர் விஷயம் ஒண்ணு. 150 ஏஎச்னு போட்டிருந்தா பக்கத்துல சி20-ஆ சி10-ஆன்னு பாருங்க. சி20-ன்னா 7.5 ஆம்பியர் மெதுவா இழுத்தா 20 மணி நேரம் வரும்னு அர்த்தம். சி10-ன்னா 15 ஆம்பியர் இழுத்து 10 மணி நேரம். வேகமா இழுக்க இழுக்க பேட்டரி குடுக்கற மொத்தமும் குறையும், அதனால சி10-ல 150 குடுக்கற பேட்டரி சி20 கணக்குல 170-ஐ தாண்டும், உள்ள ஈயம் அவ்ளோ ஜாஸ்தி. சோலார் பேட்டரி சி10, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி சி20, ரெண்டையும் பக்கத்துல வச்சு "இது ரெண்டாயிரம் ஜாஸ்தி"ன்னு ஒப்பிடறது தப்பு. நம்ம வீட்ல இழுக்கறது 7.5 ஆம்பியரும் இல்ல: பழைய சீலிங் ஃபேன் ரெண்டு 150 வாட்ஸ், எல்இடி ட்யூப் நாலு 80, டிவி 80, வைஃபை 10, மொத்தம் 320, இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்தா பேட்டரிலேர்ந்து 33 ஆம்பியர் கிட்ட. அந்த வேகத்துல 150 ஏஎச் சுமார் 100, 110 தான் குடுக்கும், அதாவது மூணு மணி நேரம் சொச்சம். கடைல "அஞ்சு மணி நேரம் வரும் சார்"னு சொன்னது எங்க போச்சுன்னா இங்க தான் போச்சு. இதுக்கு 200 ஏஎச் வாங்கறதை விட அந்த ரெண்டு ஃபேனையும் பிஎல்டிசியா, அதாவது கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் ஃபேனா, மாத்துங்க, ஒண்ணு 30 வாட்ஸ் தான், லோடு 230-க்கு இறங்கும், அதே பேட்டரி நாலரை மணி நேரத்துக்கு மேல தாங்கும், கரண்ட் பில்லும் குறையும். பேட்டரி கட்டுரைல ஃபேன் விளம்பரம் மாதிரி இருக்கு, ஆனா காசுக்கு இதை விட நல்ல யோசனை எனக்கு தெரியல.

எடையையும் கேளுங்க. ஒரே ஏஎச், ஒரே டைப்ல ரெண்டு பிராண்ட் இருந்தா எது கனமோ அதுல ஈயம் ஜாஸ்தி, ஆனா ஆசிட் ஊத்தினப்புறம் உள்ள எடை ஏமாத்தும், ஆசிட் இல்லாத எடையை கேட்டு வாங்கணும். ஊர்ல அசெம்பிள் பண்ற லோக்கல் பேட்டரி மலிவுக்கு காரணம் இதுலயே தெரிஞ்சுடும், ஸ்டிக்கர்ல 150 இருக்கும், தூக்கினா 100 ஏஎச் கனம் தான் இருக்கும். தயாரிச்ச மாசம் வருஷமும் முக்கியம், கடைல ஆறு மாசமா சார்ஜ் இல்லாம தூங்கின பேட்டரிக்கு அந்த மூணாவது சாவு கடைலயே ஆரம்பிச்சிருக்கும்.

வாரண்டி தான் பெரிய கூத்து. "36+24, அஞ்சு வருஷம் சார்"னு சொல்லுவாங்க. முதல் 36 மாசம் கெட்டா சும்மா மாத்தி தருவாங்க, அது உண்மையான வாரண்டி. மிச்சம் 24 புரோ ரேட்டா, அதாவது புது பேட்டரில கொஞ்சம் தள்ளுபடி, அதுவும் எம்ஆர்பில. உதாரணத்துக்கு எம்ஆர்பி 21,000, 30 சதவீதம் தள்ளுபடி போக 14,700 கட்டுங்கம்பாங்க. செத்த பேட்டரியை அவங்க வாங்கிக்குவாங்க, அதுக்கு காசு கிடையாது. அதே பேட்டரி கடைல 15,500-க்கு கிடைக்குது, பழசை எக்ஸ்சேஞ்ச்ல போட்டா 4,000 போக 11,500. வாரண்டில வாங்கினா 3,200 ரூபா நஷ்டம்! அதனால ரெண்டு பேட்டரியை ஒப்பிடும்போது ப்ளஸ்ஸுக்கு முன்னாடி உள்ள நம்பரை மட்டும் பாருங்க, 48+12-க்கும் 36+36-க்கும் நடுவுல நான் யோசிக்காம 48-ஐ எடுப்பேன்.

வாங்கிட்டு வந்தப்புறம் இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், டியூபுலர், ஃப்ளாட், எஸ்எம்எஃப்னு, சிலதுல மெனுல இருக்கும். மாட்ட வர்ற பையன் பல நேரம் அதை தொடவே மாட்டான். டியூபுலருக்கு 14.4 வோல்ட் வரைக்கும் நல்லா ஏத்தணும், எஸ்எம்எஃப் பொசிஷன்ல கிடந்தா அரை வயிறு தான் நிரம்பும், மாத்தி எஸ்எம்எஃப்பை டியூபுலர் செட்டிங்ல போட்டா காஞ்சு போகும். 24 வோல்ட் இன்வெர்ட்டர் வச்சிருக்கவங்க ரெண்டு பேட்டரில ஒண்ணு மட்டும் செத்தா ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, புதுசும் பழசும் ஒரே லைன்ல நின்னா பழசு சீக்கிரம் நிரம்பி கொதிக்கும் புதுசு அரைகுறையா நிக்கும், ரெண்டாவது வருஷம் புதுசும் பழசாயிடும். அப்புறம் தண்ணி பேட்டரியை காத்தோட்டமான இடத்துல வைங்க, ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், மாடிப்படிக்கு கீழ இடம் இருக்குன்னு மூடின அலமாரிக்குள்ளயும், விளக்கு எரியற பூஜை ரூம் மூலைலயும் வைக்கறது நல்லதில்ல.

லித்தியம் பத்தி கேப்பீங்க. எடை கம்மி, தண்ணி கிடையாது, பாதில நின்னாலும் கெடாது, தடவைக் கணக்கும் ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி. தினமும் ஆழமா ஓட்டற வீட்டுக்கு இன்னிக்கே கணக்கு வரலாம். ஆனா பழைய இன்வெர்ட்டரோட சார்ஜர் அதுக்கு ஒத்து வருமான்னு பார்க்கணும், இல்லன்னா இன்வெர்ட்டரும் சேர்த்து மாத்த வேண்டி வரும். மாசத்துக்கு ஒரு நாள் கரண்ட் போற வீட்டுக்கு இப்போதைக்கு ஈயமே போதும்.

பழைய பேட்டரியை பழைய இரும்புக்கடைல போட்டா நூறு இருநூறு கூட கிடைக்கலாம், போடாதீங்க. அங்க ஆசிட்டை சாக்கடைல கவுத்துட்டு ஈயத்தை திறந்தவெளில உருக்குவாங்க, அந்த புகையும் தூசியும் பக்கத்து வீட்டு குழந்தைங்க ரத்தத்துல தான் போய் சேரும். 2022-ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி பழசை திரும்ப வாங்கி முறையா ரீசைக்கிள் பண்ண வேண்டியது தயாரிப்பாளரோட பொறுப்பு, டீலர் வழியாவே குடுத்துடலாம். பில்லுல எக்ஸ்சேஞ்ச் தொகையை தனியா கழிச்சு எழுதி வாங்குங்க, சீரியல் நம்பரை வாரண்டி கார்டுல அங்கயே நிரப்பச் சொல்லுங்க, டெலிவரி எந்த மாடி வரைக்கும்னு காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, ஏன்னா கீழ் வாசல்ல இறக்கி வச்சுட்டு "ஏத்துக்கூலி தனி சார்"னு நிப்பாங்க.